சுரப்பிகளும் சுரக்கும் முறைகளும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சுரப்பிகளைப் பற்றி எழும் ஐயங்களில் பெரும்பாலானவை, இரண்டு வெவ்வேறு செய்திகளை ஒன்றாகக் குழப்பிக்கொள்வதால் வருபவை. சுரந்த பொருள் எங்கே போய்ச் சேருகிறது என்பது ஒன்று; அது செல்லை விட்டு எப்படி வெளியேறுகிறது என்பது மற்றொன்று. நாளமுள்ளவை, நாளமில்லாதவை என்ற பிரிவு முதலாவதைப் பற்றியது. மீரோகிரைன், அப்போகிரைன், ஹோலோகிரைன் என்ற பிரிவு இரண்டாவதைப் பற்றியது. பாடப்புத்தகங்களில் இரண்டும் அடுத்தடுத்த பத்திகளில் வந்துவிடுவதால் ஒன்றன் உட்பிரிவுதான் மற்றொன்று என்று பலர் எண்ணிவிடுகிறார்கள். கீழே உள்ள பதில்களில் இந்த இரண்டும் கலக்காமல் வைக்கப்பட்டிருக்கின்றன.

சுரப்பி என்று எதைச் சொல்கிறோம்?

இரத்தத்திலிருந்து மூலப்பொருள்களை எடுத்து, அவற்றைக் கொண்டு ஒரு பொருளை ஆக்கி, அதைத் தனக்கென வைத்துக்கொள்ளாமல் வெளியே விடுகின்ற செல் அல்லது செல்களின் தொகுதியே சுரப்பி ஆகும். ஊற்று சுரக்கிறது, மடி சுரக்கிறது என்று சொல்லும்போது உள்ளிருந்து ஊறி வெளிவருதல் என்ற பொருள் அந்தச் சொல்லிலேயே இருக்கிறது. ஆனால் உடலியலில் அதற்கு மேலும் ஒரு நிபந்தனை உண்டு: அங்கே செல்லின் உழைப்பு இருக்க வேண்டும். இரத்த அழுத்தத்தால் நீர் பிழியப்பட்டு ஒரு சவ்வைக் கடந்து வந்தால் அது வடிகட்டல். சிறுநீர் உருவாவதன் முதற்கட்டம் அப்படிப்பட்டது. செல் தன் ஆற்றலைச் செலவிட்டு ஆக்கியோ இறைத்தோ வெளிவிட்டால் அது சுரத்தல்.

சுரப்பி என்றதும் ஓர் உறுப்பைத்தான் நினைக்க வேண்டும் என்பதில்லை. குடலின் உட்பரப்பிலும் மூச்சுக்குழலிலும் உள்ள கோப்பைச் செல்கள் ஒவ்வொன்றும் ஒற்றைச் செல்லாலான ஒரு சுரப்பியே. உள்ளே இறுக்கமாக அடைக்கப்பட்டிருக்கும் சளிப்பொருள், வெளியே வந்து நீரை உறிஞ்சியதும் பல நூறு மடங்கு உப்பிவிடுகிறது. மறுமுனையில், ஏறத்தாழ ஒன்றரைக் கிலோ எடையுள்ள கல்லீரலும் ஒரு சுரப்பிதான். உடலின் மிகப் பெரிய சுரப்பி அதுவே.

சில சுரப்பிகளுக்கு மட்டும் ஏன் நாளம் இருக்கிறது?

கருவின் வளர்ச்சியில் இதற்கான விடை இருக்கிறது. சுரப்பிகளில் பெரும்பாலானவை, உடலின் வெளிப்பரப்பையோ உட்குழிவுகளையோ போர்த்தியிருக்கும் எபிதீலியம் என்ற திசுவிலிருந்து பிறக்கின்றன. அந்தப் பரப்பிலுள்ள செல்கள் ஓரிடத்தில் பெருகி, கீழுள்ள திசுவுக்குள் ஒரு மொட்டுப்போல இறங்குகின்றன. இறங்கிய பகுதிக்கும் மேற்பரப்புக்கும் இடையிலுள்ள காம்பு குழலாக மாறி நிலைத்துவிட்டால், அதுவே நாளம். காம்பு மறைந்து போனால், உள்ளே தனித்து நிற்கும் செல்கள் தங்கள் சுரப்பை இரத்தத்தில்தான் விட முடியும். அது நாளமில்லாச் சுரப்பி ஆகிறது.

இதற்குத் தைராய்டு நல்ல சான்று. கழுத்தில் இருக்கும் இந்தச் சுரப்பி உண்மையில் நாக்கின் அடிப்பகுதியில் முளைத்து, கருவிலேயே கீழிறங்கி வந்தது. அது புறப்பட்ட இடம் நாக்கின் பின்பகுதியில் ஒரு சிறு குழியாக வாழ்நாள் முழுவதும் இருக்கிறது. இறங்கி வந்த பாதை முழுதாக மறையாமல் போனால், சில குழந்தைகளுக்குக் கழுத்தின் நடுவில் நீர்க்கட்டி தோன்றும். நாக்கை வெளியே நீட்டும்போது அந்தக் கட்டியும் மேலே நகரும். மூளைக்கு அடியிலுள்ள பிட்யூட்டரி என்ற சுரப்பியின் முன்பகுதியும் இதே போல வாயின் கூரையிலிருந்து மேலெழும்பிப் போனதுதான்.

எல்லாச் சுரப்பிகளும் இப்படிப் பிறந்தவை அல்ல. சிறுநீரகத்தின் மேல் அமர்ந்திருக்கும் அட்ரீனல் சுரப்பியின் உட்பகுதியும் பிட்யூட்டரியின் பின்பகுதியும் நரம்புத் திசுவின் வழிவந்தவை. அவற்றின் நடத்தையிலும் அந்த மரபு தெரியும்.

நாளமுள்ளதற்கும் நாளமில்லாததற்கும் நடைமுறையில் என்ன வேறுபாடு?

நாளமுள்ள சுரப்பி தன் பொருளைக் குறிப்பிட்ட ஓர் இடத்துக்குக் கொண்டு சேர்க்கிறது. கண்ணீர் கண்ணின் பரப்புக்கும், உமிழ்நீர் வாய்க்கும், வியர்வை தோலுக்கும் போகின்றன. அங்கே அதன் அளவும் அடர்த்தியும் மிகுதி. மில்லிலிட்டரிலும் லிட்டரிலும் அளக்கலாம். நாளமில்லாச் சுரப்பியின் பொருளான ஹார்மோன் இரத்தத்தில் கலந்து உடல் முழுவதும் பரவுகிறது. ஐந்து லிட்டர் இரத்தத்தில் கரைந்து போவதால் அதன் செறிவு மிகமிகக் குறைவு. எல்லா உறுப்புகளையும் அது தொட்டுச் சென்றாலும், அதற்கு உரிய ஏற்பியைக் கொண்ட செல்கள் மட்டுமே பதில் செயல் புரிகின்றன. வழியைச் சுரப்பி தேர்ந்தெடுக்கவில்லை, பெறும் செல்தான் தேர்ந்தெடுக்கிறது என்பதே முக்கியமான வேறுபாடு.

இந்த இரண்டுக்கும் இடையில் மூன்றாவது ஒரு வழியும் உண்டு. சில செல்கள் தங்கள் சுரப்பை நாளத்திலும் விடுவதில்லை, இரத்தத்திலும் விடுவதில்லை. சுற்றியுள்ள செல்களுக்கிடையே கசியவிட்டு, அண்டை செல்களை மட்டும் இயக்குகின்றன. இரைப்பையில் ஹிஸ்டமின் சுரக்கும் செல்கள் அருகிலுள்ள அமிலச் செல்களைத் தூண்டுவது இப்படித்தான்.

கணையம் எந்தப் பிரிவைச் சேர்ந்தது?

இரண்டிலும் அதற்கு இடம் உண்டு. கணையத்தின் பெரும்பகுதி செரிமான நொதிகளை ஆக்கி, நாளத்தின் வழியாக முன்சிறுகுடலில் விடுகிறது. நாளொன்றுக்கு ஏறத்தாழ ஒன்றரை லிட்டர் கணையநீர் இப்படி வருகிறது. அந்தத் திசுவின் நடுவே தீவுகளைப் போலச் சிதறிக் கிடக்கும் சிறு செல்திட்டுகளை 1869-இல் பால் லாங்கர்ஹான்ஸ் கண்டு விவரித்தார். அப்போது அவர் ஒரு மாணவர்; அவற்றின் வேலை என்ன என்று அவருக்குத் தெரியவில்லை. கணைய எடையில் ஒன்று அல்லது இரண்டு விழுக்காடே உள்ள அந்தத் திட்டுகள்தாம் இன்சுலின், குளுக்ககான் என்ற ஹார்மோன்களை இரத்தத்தில் சுரப்பவை.

இந்த இரட்டைத் தன்மைதான் இன்சுலினைப் பிரித்தெடுப்பதை நெடுங்காலம் தடுத்தது. கணையத்தை அரைத்தால், நாளமுள்ள பகுதியிலிருந்து வரும் புரத நொதிகள், புரதமான இன்சுலினைச் சிதைத்துவிடும். டொரண்டோவில் 1921-இல் ஃபிரெடரிக் பான்டிங்கும் சார்லஸ் பெஸ்ட்டும் தொடங்கிய ஆய்வின் முதல் யோசனையே, நாளத்தைக் கட்டிவிட்டு நொதி சுரக்கும் பகுதியை மட்டும் அழியவிடுவதுதான். இறுதியில் மருந்தாகப் பயன்பட்டது ஆல்கஹாலைக் கொண்டு தூய்மையாக்கிய சாறு என்றாலும், புறப்பட்ட இடம் நாளமுள்ளதையும் நாளமில்லாததையும் பிரிக்கும் அந்தக் கேள்வியே.

கணையம் தன்னையே ஏன் செரித்துக்கொள்வதில்லை என்று கேட்பவர்களும் உண்டு. அது புரதம் பிளக்கும் நொதிகளைச் செயலற்ற வடிவில்தான் சுரக்கிறது. டிரிப்சினோஜன் என்ற செயலற்ற வடிவம் குடலுக்குள் வந்த பிறகு, குடற்சுவரிலுள்ள வேறொரு நொதியால் டிரிப்சினாக மாற்றப்படுகிறது. இந்த மாற்றம் கணையத்துக்குள்ளேயே நிகழ்ந்துவிட்டால், அதுதான் கணைய அழற்சி.

மீரோகிரைன், அப்போகிரைன், ஹோலோகிரைன் என்பவை என்ன?

இவை செல் தன் பொருளை வெளிவிடும் மூன்று முறைகள். சுரக்கும்போது செல்லுக்கு என்ன நேர்கிறது என்பதை வைத்து இவற்றைப் பிரித்திருக்கிறார்கள்.

மீரோகிரைன் முறையில் செல்லுக்கு எந்த இழப்பும் இல்லை. ஆக்கப்பட்ட பொருள் சவ்வால் சூழப்பட்ட நுண்பைகளில் அடைக்கப்பட்டு, செல்லின் ஓரத்துக்கு நகர்கிறது. பையின் சவ்வு செல்சவ்வோடு ஒன்றிணைய, உள்ளிருப்பது மட்டும் வெளியே கொட்டப்படுகிறது. உமிழ்நீர்ச் சுரப்பி, கணையம், கண்ணீர்ச் சுரப்பி ஆகியவை இப்படிச் சுரக்கின்றன. உடலில் மிகவும் பரவலான முறை இதுவே. ஜார்ஜ் பலாடி என்பவர் கினிப்பன்றியின் கணையச் செல்களுக்குக் கதிரியக்கம் ஏற்றிய அமினோ அமிலத்தைக் கொடுத்து, அது போகும் வழியைத் தொடர்ந்து பார்த்தார். முதல் சில நிமிடங்களில் அது செல்லுக்குள் புரதம் ஆக்கப்படும் எண்டோபிளாச வலைப்பின்னலிலும், பின்னர் புரதம் பொதியப்படும் கோல்கை உறுப்பிலும், ஏறத்தாழ இரண்டு மணி நேரத்தில் சுரப்புத் துகள்களிலும் இருந்தது. புரதம் செல்லுக்குள் ஒரே திசையில், குறிப்பிட்ட நிலையங்களின் வழியாக நகர்கிறது என்று காட்டிய இந்த வகை ஆய்வுகளுக்காக 1974-இல் நோபல் பரிசு அவருக்கும் வேறு இருவருக்கும் கிடைத்தது.

அப்போகிரைன் முறையில் செல்லின் உச்சிப் பகுதியில் ஒரு சிறு பங்கு, சுரக்கும் பொருளோடு சேர்ந்து கிள்ளியெடுத்தாற்போலப் பிரிந்து போகிறது. எஞ்சிய செல் தன்னைச் சரிசெய்துகொண்டு மீண்டும் சுரக்கிறது. தாய்ப்பாலிலுள்ள கொழுப்புத் துளிகள் செல்சவ்வால் போர்த்தப்பட்டே வெளிவருகின்றன. இந்த முறைக்கு ஐயத்துக்கு இடமில்லாத சான்று அதுதான்.

ஹோலோகிரைன் முறையில் செல்லே சுரப்பாகிவிடுகிறது. தோலிலுள்ள எண்ணெய்ச் சுரப்பியின் ஓரத்தில் பிறக்கும் செல், நடுப்பகுதியை நோக்கித் தள்ளப்படும் வழியில் தனக்குள் கொழுப்பை நிரப்பிக்கொண்டே போய், சில வாரங்களில் வெடித்துச் சிதைகிறது. அந்தச் சிதைவும் கொழுப்பும் சேர்ந்ததே முடியையும் தோலையும் மெருகிடும் எண்ணெய். ஆகவே இங்கே சுரப்பு தொடர வேண்டுமானால் ஓரத்தில் புதிய செல்கள் பிறந்துகொண்டே இருக்க வேண்டும். இமைகளின் விளிம்பில் திறக்கும் மைபோமியன் சுரப்பிகளும் இவ்வகையினவே. கண்ணீர் விரைவில் ஆவியாகாமல் காக்கும் எண்ணெய்ப் படலம் அவற்றிலிருந்து வருகிறது.

அக்குளிலுள்ள வியர்வைச் சுரப்பிகளை அப்போகிரைன் என்கிறார்களே, அவை அப்படித்தான் சுரக்கின்றனவா?

பெயர் அப்படி, செயல் பெரும்பாலும் அப்படி அல்ல. நுண்ணோக்கியின் கீழ் அந்தச் செல்களின் உச்சிப் பகுதி மொட்டுப்போலப் புடைத்துத் தெரிந்ததால், அது கிள்ளப்பட்டுப் பிரிகிறது என்று முன்பு கருதினார்கள். பிறகு நடந்த ஆய்வுகள் அவை முதன்மையாக மீரோகிரைன் முறையிலேயே சுரக்கின்றன என்று காட்டின. அதற்குள் பெயர் நிலைத்துவிட்டது. தேர்வுக்குப் படிப்பவர்கள் தடுமாறும் இடம் இது. ‘அப்போகிரைன் வியர்வைச் சுரப்பி’ என்பதை ஒரு வகைச் சுரப்பியின் பெயராக மட்டும் எடுத்துக்கொண்டு, சுரக்கும் முறையின் விளக்கமாக எடுத்துக்கொள்ளாமல் இருப்பது நல்லது.

இந்தச் சுரப்பிகள் அக்குள், தொடையிடுக்கு போன்ற சில இடங்களில் மட்டும் உள்ளன. நாளம் தோலின் மேற்பரப்பில் திறக்காமல் முடிக்குழியில் திறக்கிறது. பருவமடையும் வயதில்தான் வேலையைத் தொடங்குகின்றன. சுரக்கும்போது அந்த நீருக்கு வாடை இல்லை. தோலில் வாழும் பாக்டீரியாக்கள் அதிலுள்ள பொருள்களைச் சிதைக்கும்போதுதான் வாடை பிறக்கிறது. காதுக் குறும்பியை ஆக்குவதில் பங்கேற்கும் சுரப்பிகளும் இவற்றின் மாறுபட்ட வடிவமே.

வியர்வை உப்புக் கரிப்பது ஏன்?

உடலெங்கும் பரவியிருக்கும் எக்ரைன் வியர்வைச் சுரப்பிகளின் எண்ணிக்கை 20 லட்சத்திலிருந்து 40 லட்சம் வரை. உள்ளங்கையிலும் உள்ளங்காலிலும் அவை மிக நெருக்கமாக உள்ளன. ஒவ்வொன்றும் தோலுக்குள் சுருண்டு கிடக்கும் ஒரு குழல். அடியிலுள்ள சுருள் முதலில் சுரக்கும் நீரில் உப்பு ஏறக்குறைய இரத்தத்தில் உள்ள அளவுக்கே இருக்கிறது. அந்த நீர் மேலே ஏறி வரும் வழியில், நாளத்தின் சுவர்ச் செல்கள் சோடியத்தையும் குளோரைடையும் திரும்ப உறிஞ்சிக்கொள்கின்றன. எனவே வியர்வையில் நாம் சுவைப்பது, மீட்க முடியாமல் தப்பி வந்த உப்பை. வியர்வை வேகமாகப் பெருகும்போது உறிஞ்சுவதற்கு நேரம் போதாததால் அது கூடுதலாகக் கரிக்கும். வெப்பத்துக்குப் பழகிய உடலில் ஆல்டோஸ்டிரோன் என்ற ஹார்மோனின் உதவியால் மீட்பு மேம்படுகிறது.

நாளம் வெறும் குழாய் என்ற எண்ணத்தை இந்த ஒரு செய்தியே மாற்றிவிட வேண்டும். உமிழ்நீரும் இதே இரண்டு கட்ட முறையில்தான் உருவாகிறது. சிஸ்டிக் ஃபைப்ரோசிஸ் என்ற மரபுநோயில் குளோரைடு கடந்து செல்லும் வாயிலாகிய ஒரு புரதம் பழுதடைந்திருப்பதால், வியர்வை நாளத்தில் உப்பு மீட்கப்படுவதில்லை. வியர்வையில் குளோரைடின் அளவு லிட்டருக்கு 60 மில்லிமோல் அல்லது அதற்கு மேல் இருப்பது இன்றும் அந்த நோயைக் கண்டறியும் முக்கியச் சோதனை. அதே பழுதால் கணைய நாளங்களில் சுரப்பு தடித்து அடைத்துக்கொள்கிறது; நோயின் பெயரே 1938-இல் டோரத்தி ஆண்டர்சன் கணையத்தில் கண்ட மாற்றங்களை விவரித்ததிலிருந்து வந்தது.

உணவை நினைத்தாலே வாயில் நீர் ஊறுகிறதே, சுரப்பிக்கு யார் சொல்வது?

நரம்பு. உமிழ்நீர்ச் சுரப்பிகள் ஏறத்தாழ முழுமையாக நரம்பின் கட்டளைக்கு உட்பட்டவை. அதனால்தான் சில நொடிகளில் பதில் கிடைக்கிறது. காதுக்கு முன்னாலுள்ள பரோட்டிட் சுரப்பி நொதி மிகுந்த நீர்த்த உமிழ்நீரைச் சுரக்கிறது. நாவடிச் சுரப்பியினுடையது சளி மிகுந்தது. கீழ்த்தாடைச் சுரப்பி இரண்டையும் கலந்து தருகிறது. சும்மா இருக்கும்போது ஊறுவதில் பெரும்பங்கு கீழ்த்தாடைச் சுரப்பியுடையது. மெல்லத் தொடங்கியதும் பரோட்டிட் முன்னுக்கு வருகிறது. நாளொன்றுக்கு அரை லிட்டர் முதல் ஒன்றரை லிட்டர் வரை சுரக்கிறது.

அச்சத்தில் வாய் உலர்வதும், ஒவ்வாமைக்கோ மனநலத்துக்கோ எடுக்கும் சில மருந்துகளால் வாய் உலர்வதும், இந்த நரம்புக் கட்டளை தடைபடுவதால்தான். அசிட்டைல்கோலின் என்ற நரம்புச் செய்திப்பொருளை ஏற்பியில் அமரவிடாமல் தடுக்கும் அட்ரோபின் போன்ற மருந்துகள் உமிழ்நீரையும் வியர்வையையும் ஒருசேரக் குறைக்கும்.

அப்படியானால் எல்லாச் சுரப்பிகளையும் நரம்புதான் இயக்குகிறதா?

இல்லை. அப்படித்தான் என்று 1902 வரை பலர் நம்பினார்கள். நாயின் செரிமானத்தை ஆராய்ந்து 1904-இல் நோபல் பரிசு பெற்ற இவான் பாவ்லோவும் கணையநீர் நரம்பால் தூண்டப்படுகிறது என்றே கருதினார். லண்டனில் வில்லியம் பேலிஸும் எர்னஸ்ட் ஸ்டார்லிங்கும் 1902-இல் ஒரு நாயின் குடற்பகுதியில் நரம்புகளை அறுத்துவிட்டு அங்கே அமிலத்தைச் செலுத்தினார்கள். அப்போதும் கணையம் சுரந்தது. அடுத்து, குடலின் உட்படலத்தை அமிலத்தோடு அரைத்து எடுத்த சாற்றை இரத்தத்தில் செலுத்தியபோதும் சுரந்தது. இரத்தத்தின் வழியாகப் போகும் ஒரு வேதிப்பொருளே செய்தியைக் கொண்டு செல்கிறது என்பதில் ஐயம் இல்லாமல் போயிற்று. அந்தப் பொருளுக்கு செக்ரட்டின் என்று பெயரிட்டார்கள். கிளர்ந்தெழச் செய்தல் என்று பொருள்படும் கிரேக்கச் சொல்லிலிருந்து ‘ஹார்மோன்’ என்ற சொல்லை 1905-இல் ஸ்டார்லிங் பயன்படுத்தினார்.

ஆகவே நாளமில்லாச் சுரப்பியின் பொருள் நாளமுள்ள சுரப்பியை இயக்க முடியும். செரிமான மண்டலத்தில் இது வேளைதோறும் நடக்கிறது.

ஹார்மோன்கள் அனைத்தும் ஒரே முறையில்தான் வெளிவருகின்றனவா?

மூன்று சுரப்பு முறைகளும் நாளமுள்ள சுரப்பிகளை வைத்து வகுக்கப்பட்டவை. ஹார்மோன்களில், அது என்ன வேதிப்பொருள் என்பதே வழியை முடிவு செய்கிறது.

இன்சுலின் போன்ற புரத ஹார்மோன்கள் முன்கூட்டியே ஆக்கப்பட்டு நுண்பைகளில் காத்திருக்கின்றன. இரத்தத்தில் குளுக்கோஸ் உயர்ந்ததும் இன்சுலினைச் சுரக்கும் பீட்டா செல்லுக்குள் அது எரிக்கப்பட்டு, செல்லுக்கு ஆற்றல் தரும் ஏ.டி.பி. என்ற பொருள் பெருகுகிறது, அதனால் பொட்டாசியம் வெளியேறும் வாயில்கள் மூடிக்கொள்கின்றன, செல்சவ்வின் மின்னழுத்தம் மாற, கால்சியம் உள்ளே பாய்கிறது, கால்சியம் வந்ததும் பைகள் சவ்வோடு இணைந்து இன்சுலினைக் கொட்டுகின்றன. அதாவது, மீரோகிரைன் என்று மேலே விளக்கிய அதே நிகழ்வுதான். கொட்டப்படும் இடம் நாளமாக இல்லாமல் இரத்த நுண்குழாயின் அருகாக இருக்கிறது.

கார்டிசோல், ஈஸ்ட்ரோஜன், டெஸ்டோஸ்டிரான் போன்ற ஸ்டீராய்டு ஹார்மோன்களின் கதை வேறு. கொலஸ்டிராலிலிருந்து பிறக்கும் இவை கொழுப்பில் கரைபவை. எந்தப் பையிலும் அடைத்து வைக்க முடியாது, சவ்வுக்குள் புகுந்து வெளியேறிவிடும். எனவே அட்ரீனலின் புறப்பகுதியில் கார்டிசோல் இருப்பு என்று ஒன்று இல்லை. தேவைப்படும் நேரத்தில் ஆக்கப்படுகிறது, ஆக்கப்பட்டவுடன் வெளியேறுகிறது.

தைராய்டு இந்த இரண்டிலும் அடங்காத தனி ஆள். அது தன் ஹார்மோனை தைரோகுளோபுலின் என்ற பெரிய புரதத்தோடு பிணைத்து, செல்லுக்கு வெளியே, செல்களால் சூழப்பட்ட குமிழ்களுக்குள் சேமித்து வைக்கிறது. வேண்டும்போது அந்தப் புரதத்தைச் செல் மீண்டும் விழுங்கி, உள்ளே பிளந்து, ஹார்மோனை மட்டும் பிரித்து மறுபக்கத்தில் இரத்தத்துக்குள் அனுப்புகிறது. இரண்டு மூன்று மாதங்களுக்குப் போதுமான இருப்பு எப்போதும் கையில் இருக்கும். அயோடின் உணவில் எப்போது கிடைக்கும், எப்போது கிடைக்காது என்பது உறுதியில்லாத விலங்கினத்துக்கு இந்தச் சேமிப்பு எவ்வளவு உதவியிருக்கும் என்று எண்ணிப் பார்க்கலாம்.

வெளிவந்த பின் இவை நிலைத்திருக்கும் காலமும் மாறுபடுகிறது. இன்சுலினில் பாதி ஏறத்தாழ ஐந்து நிமிடங்களில் இரத்தத்திலிருந்து நீங்கிவிடும். தைராக்சினில் பாதி நீங்க ஒரு வாரம் ஆகும். தைராக்சின் மாத்திரையின் அளவை மாற்றிய பிறகு, மறுபரிசோதனைக்குச் சில வாரங்கள் காத்திருக்கச் சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம்.

எப்போது நிறுத்த வேண்டும் என்று சுரப்பிக்கு எப்படித் தெரிகிறது?

பெரும்பாலும், சுரப்பின் விளைவே சுரப்பைத் தடுக்கிறது. தைராய்டுக்குப் பின்னால் ஒட்டியிருக்கும் நான்கு பாராதைராய்டு சுரப்பிகள், இரத்தத்தில் கால்சியம் குறைந்தால் பாராதார்மோனைச் சுரக்கின்றன. அது எலும்பிலிருந்து கால்சியத்தை விடுவித்து, சிறுநீரில் போவதைக் குறைத்து, வைட்டமின் டி-யைச் செயலாக்கிக் குடலில் உறிஞ்சலைக் கூட்டுகிறது. கால்சியம் உயர்ந்ததும் அதே கால்சியம் சுரப்பிச் செல்லின் மேலுள்ள ஏற்பியில் அமர்ந்து சுரப்பை அடக்கிவிடுகிறது. டெசிலிட்டருக்கு 8.5 முதல் 10.5 மில்லிகிராம் என்ற குறுகிய வரம்புக்குள் கால்சியம் நிற்பது இதனால்தான்.

தைராய்டில் இந்தச் சுற்று நீளமானது: மூளையின் அடிப்பகுதியான ஹைப்போதலாமஸ் பிட்யூட்டரியைத் தூண்ட, பிட்யூட்டரியின் டி.எஸ்.எச். என்ற ஹார்மோன் தைராய்டைத் தூண்ட, தைராக்சின் மேலே உள்ள இரண்டையும் அடக்குகிறது. இரத்தப் பரிசோதனைத் தாளில் டி.எஸ்.எச். உயர்ந்திருந்தால் தைராய்டு அதிகம் சுரக்கிறது என்று பலர் எண்ணுவது தவறு. பெரும்பாலான நேரங்களில் தைராய்டு போதிய அளவு சுரக்காததால், பிட்யூட்டரி உரத்துக் கூவுகிறது என்பதே அதன் பொருள்.

பிட்யூட்டரியைத் தலைமைச் சுரப்பி என்பது சரியா?

பாதி சரி. பட்டாணி அளவும் ஏறத்தாழ அரை கிராம் எடையும் கொண்ட அது தைராய்டு, அட்ரீனல் புறப்பகுதி, அண்டகம், விந்தகம் ஆகியவற்றை இயக்குகிறது. ஆனால் அதற்கு மேலே ஹைப்போதலாமஸ் இருக்கிறது. இரண்டையும் இணைக்கும் காம்பு அறுந்தால் பிட்யூட்டரியின் சுரப்புகள் குறைந்துவிடும். பாலை ஆக்கச் செய்யும் புரோலாக்டின் மட்டும் விதிவிலக்கு: அதை ஹைப்போதலாமஸ் எந்நேரமும் அடக்கிவைத்திருப்பதால், காம்பு அறுந்தால் அது கூடும். பின்பகுதியோ எதையும் ஆக்குவதில்லை. ஆக்ஸிடோசினும் சிறுநீரின் அளவைக் குறைக்கும் வாசோபிரெஸ்ஸினும் ஹைப்போதலாமஸின் நரம்புச் செல்களில் பிறந்து, அந்த நரம்பிழைகளின் வழியே இறங்கி வந்து, அங்கே விடுவிக்கப்படுகின்றன.

இரைப்பையின் அமிலமும் நுண்பைகளில்தான் வருகிறதா?

இல்லை, அமிலத்தை அடைத்து வைக்கும் பை எதுவும் இல்லை. இரைப்பைச் சுவரின் அமிலச் செல்கள், சவ்விலுள்ள ஒரு புரத இறைப்பியால் ஹைட்ரஜன் அயனிகளை ஒவ்வொன்றாக வெளியே தள்ளி, மாற்றாகப் பொட்டாசியத்தை உள்ளே வாங்குகின்றன. இரத்தத்தில் இருப்பதைவிடப் பத்து லட்சம் மடங்குக்கும் மேலான அடர்த்தியில் அவை வெளியே குவிகின்றன. பையின் பங்கு இங்கே வேறு விதமானது: ஓய்வு நேரத்தில் அந்த இறைப்பிகள் செல்லுக்குள்ளிருக்கும் சவ்வுக் குழல்களில் கிடக்கின்றன, தூண்டல் வந்ததும் அந்தக் குழல்கள் மேற்சவ்வோடு இணைந்து இறைப்பிகளை வேலைக்கு அனுப்புகின்றன. ஒமெப்ரசோல் போன்ற மருந்துகள் அந்த இறைப்பியைத்தான் நிறுத்துகின்றன. உண்பதற்குச் சற்று முன் அவற்றை எடுத்துக்கொள்ளச் சொல்வதற்குக் காரணமும் இதுவே: வேலை செய்துகொண்டிருக்கும் இறைப்பியில் மட்டுமே மருந்து பிணையும்.

பால் சுரப்பதும் பால் வெளிவருவதும் ஒன்றுதானா?

இரண்டும் வெவ்வேறு ஹார்மோன்களின் வேலை. புரோலாக்டின் பாலை ஆக்கச் செய்கிறது. ஆக்கிய பால் நுண்ணறைகளில் தேங்கி நிற்கும். குழந்தை உறிஞ்சும்போது எழும் நரம்புச் செய்தியால் ஆக்ஸிடோசின் வெளிவந்து, அறைகளைக் கூடைபோலச் சுற்றியிருக்கும் சுருங்கும் செல்களைச் சுருக்குகிறது. அப்போதுதான் பால் பீறிட்டு வருகிறது. பதற்றத்திலும் வலியிலும் பால் இறங்காமல் இருப்பது, பெரும்பாலும் ஆக்ஸிடோசின் தடைபட்டதால் இருக்கும். பால் ஊறவில்லை என்று அதற்குப் பொருள் கொள்ளக் கூடாது.

ஒரே செல் இரண்டு முறைகளில் சுரக்கும் இடமும் இதுதான். பாலின் புரதங்கள் மீரோகிரைன் முறையிலும் கொழுப்பு அப்போகிரைன் முறையிலும் ஒரே செல்லிலிருந்து வெளியேறுகின்றன.

கழுத்தில் நெறி கட்டுவதைச் சுரப்பி வீக்கம் என்கிறார்களே?

அவை நிணநீர்க் கணுக்கள். நிணநீரை வடிகட்டி, நோய் எதிர்ப்புச் செல்களைத் திரட்டும் இடங்கள் அவை. எதையும் ஆக்கி வெளிவிடும் சுரப்பிகள் அல்ல. ஆனால் பொன்னுக்கு வீங்கி நோயில் வீங்குவது உண்மையிலேயே சுரப்பிதான், அதாவது பரோட்டிட்.

பித்தப்பை சுரப்பியா?

பித்தநீரைச் சுரப்பது கல்லீரல். பித்தப்பை அதை வாங்கி, நீரை உறிஞ்சிச் செறிவாக்கி, உணவு வரும்வரை வைத்திருக்கிறது. அதை அகற்றிவிட்டாலும் பித்தநீர் குடலுக்கு வந்துகொண்டுதான் இருக்கும்.

சுரப்பி என்று பெயர் பெறாத உறுப்புகள் ஹார்மோன் சுரப்பது உண்டா?

உண்டு, அவற்றின் பட்டியல் நீண்டுகொண்டே வந்திருக்கிறது. இதயத்தின் மேலறைகள், இரத்தம் மிகுந்து விரியும்போது, சிறுநீரில் சோடியத்தை வெளியேற்றும் ஒரு ஹார்மோனைச் சுரக்கின்றன என்பது 1981-இல் தெரியவந்தது. கொழுப்புத் திசு சுரக்கும் லெப்டின் 1994-இலும், இரைப்பையிலிருந்து வந்து பசியைத் தூண்டும் கிரெலின் 1999-இலும் கண்டறியப்பட்டன. சிறுநீரகம் எரித்ரோபாய்டினைச் சுரந்து எலும்பு மஜ்ஜையில் சிவப்பணு உற்பத்தியைத் தூண்டுவதால்தான், நாட்பட்ட சிறுநீரக நோயில் இரத்தசோகை வருகிறது. நாளமில்லாச் சுரப்பிகள் எத்தனை என்று ஓர் எண்ணைக் கேட்பவர்களுக்கு நேரான பதில் சொல்வது கடினமாகிவிட்டது இதனால்தான்.

நாளம் அடைத்துக்கொண்டால் என்ன ஆகும்?

சுரப்பி உடனே நிறுத்திக்கொள்வதில்லை, பின்னால் தேங்குகிறது. கீழ்த்தாடைச் சுரப்பியின் நாளம் மேல்நோக்கிப் போவதாலும், அதன் உமிழ்நீர் தடிப்பாகவும் கால்சியம் மிகுந்தும் இருப்பதாலும், உமிழ்நீர்க் கற்கள் பெரும்பாலும் அங்கேதான் உருவாகின்றன. உண்ணத் தொடங்கியதும் தாடைக்குக் கீழே வீங்கி வலித்து, சற்று நேரத்தில் தணிவது அதன் அடையாளம். முடிக்குழி அடைபட்டு எண்ணெய் தேங்குவதில் தொடங்குவது முகப்பரு. மைபோமியன் சுரப்பி அடைபட்டால் இமையில் வலியில்லாத ஒரு கட்டி எழும். பித்தப்பைக் கல் இறங்கி வந்து, பித்த நாளமும் கணைய நாளமும் குடலில் திறக்கும் பொது வாயிலை அடைத்தால் கணைய அழற்சி வரலாம்; இந்த வரிசையில் உயிருக்கு ஆபத்தானது இது ஒன்றே.

நாளமில்லாச் சுரப்பிகளுக்கு அடைப்பு நோய் கிடையாது, அடைபடுவதற்கு அங்கே எதுவும் இல்லை. அவற்றின் கோளாறுகள் மிகையாகவோ குறைவாகவோ சுரப்பதாக இருக்கும். அல்லது சுரப்பது சரியாக இருந்தும் பெறும் செல் பதில் தராததாக இருக்கும். இரண்டாம் வகை நீரிழிவு இந்தக் கடைசி வகையில்தான் பெரும்பாலும் தொடங்குகிறது: கணையம் வழக்கத்தைவிட மிகுதியாகவே இன்சுலினைச் சுரந்துகொண்டிருக்க, தசையும் கல்லீரலும் கொழுப்புத் திசுவும் அதற்குச் செவிகொடுப்பதைக் குறைத்துக்கொண்டே போகின்றன, ஆண்டுகள் கழித்து, ஈடுகொடுக்க முடியாமல் பீட்டா செல்களின் சுரப்பும் தளரும்போது இரத்தச் சர்க்கரை உயர்ந்து நோய் வெளிப்படுகிறது.